இரும்புப் பெட்டியும் குறுக்குச் சுற்றும்

கணிப்பொறியின் பாகங்களைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே பூட்டி இயக்கிப் பார்க்கும் ஆர்வம் இன்று பள்ளி மாணவரிடையேயும் காணப்படுகிறது. நல்ல ஆர்வம்தான். அவ்வாறு முதன்முறையாக ஒரு மதர்போர்டை உறையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்ப்பவருக்கு ஓர் ஐயம் எழுவது இயற்கை. பலகையின் அடிப்புறம் முழுவதும் நூற்றுக்கணக்கான ஈயப் பற்றுமுனைகள் முட்களைப்போல நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் திறந்த உலோகம். இதைக் கொண்டுபோய் எங்கே பொருத்தப்போகிறோம்? கேபினட் என்று கடைக்காரர்கள் சொல்லும் இரும்புப் பெட்டிக்குள். இரும்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பது நமக்குத் தெரியாததா? அப்படியானால் மரப்பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ அல்லவா பாதுகாப்பானது?

என் வகுப்பு மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதற்கு விடை காண, குறுக்குச் சுற்று என்பது எப்போது நிகழும் என்பதைச் சற்றுத் தெளிவாகப் பார்க்கவேண்டும்.

உலோகத்தைத் தொட்டதாலேயே குறுக்குச் சுற்று ஏற்பட்டுவிடுவதில்லை. மின்னழுத்தம் வேறுபட்ட இரண்டு புள்ளிகளைத் தடை மிகக் குறைந்த ஒரு பாதை இணைக்கவேண்டும். ஒரே மின்னழுத்தத்தில் உள்ள இரு புள்ளிகளை எத்தனை தடித்த இரும்பால் இணைத்தாலும் அதில் மின்னோட்டம் பாயாது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஒன்றும் நேராததன் காரணமும் இதுவே.

கணிப்பொறிக்கு வருவோம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை வாங்கி, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. அதிலிருந்து கற்றையாக வெளிவரும் கம்பிகளில் வழக்கமாக மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட். கறுப்புக் கம்பிகள் எல்லாம் மின்னோட்டம் திரும்பிவரும் பொதுப் பாதை. அதாவது சுழி வோல்ட். இந்தக் கறுப்புக் கம்பிகள் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உலோகக் கூட்டோடு உள்ளேயே இணைக்கப்பட்டுள்ளன. அந்தக் கூடு நான்கு திருகுகளால் கேபினட்டோடு பிணைக்கப்படுகிறது. ஆகவே மதர்போர்டைப் பொருத்துவதற்கு முன்பே கேபினட் முழுவதும் சுழி வோல்ட்டில்தான் இருக்கிறது. கணிப்பொறியிலுள்ள மிகப் பெரிய கறுப்புக் கம்பி அதன் கேபினட்டே என்று சொன்னால் மிகையாகாது.

இதை மனத்தில் கொண்டால் பாதி ஐயம் தீர்ந்துவிடும். பலகையிலுள்ள சுழி வோல்ட் முனை ஒன்று கேபினட்டைத் தொட்டால் ஒன்றும் நேராது. 12 வோல்ட் முனை தொட்டால் அது கறுப்புக் கம்பியைத் தொட்டதற்குச் சமம், குறுக்குச் சுற்று. எனவே பலகையை இரும்பிலிருந்து முற்றாகப் பிரித்துவைக்க வேண்டியதில்லை. தொடவேண்டிய இடத்தில் மட்டுமே தொடச்செய்தால் போதும்.

தொடவேண்டிய இடம் எது? பலகையின் ஓரங்களிலும் நடுவிலும் திருகுத் துளைகள் இருக்கும். அவற்றைச் சுற்றி வெள்ளிபோல மின்னும் உலோக வளையங்களைக் காணலாம். அவை பலகையின் சுழி வோல்ட் பரப்போடு இணைந்தவை. கேபினட்டைத் தொடுவதற்காகவே அமைக்கப்பட்டவை. முன்னாளில் கேபினட்டோடு சிவப்புநிறத் தாள் வளையங்கள் ஒரு சிறு பையில் வரும். அவற்றை ஒவ்வொரு திருகின் அடியிலும் போட்டு, பலகையைக் கேபினட்டிலிருந்து பிரித்துவிட்டதாகத் திருப்தியடைவோர் இன்றும் உண்டு. வீண் வேலை. பலகையும் கேபினட்டும் கறுப்புக் கம்பிகள் வழியே முன்பே இணைந்துவிட்டன. உலோக வளையமுள்ள துளைக்குத் தாள் வளையம் தேவையில்லை.

துளைகளைத் தவிர மற்ற இடங்களில் பலகை இரும்பைத் தொடலாகாது. அதற்குத்தான் பித்தளைத் தாங்கிகள். கடைகளில் ஸ்டேண்டாஃப் என்று கேட்டால் கொடுப்பார்கள். அறுகோணத் தலையும் உட்புறத் திருகுவரையும் கொண்ட இவை பலகையைக் கேபினட்டின் தகட்டிலிருந்து சுமார் 6 மி.மீ. உயர்த்திப் பிடிக்கின்றன. அடிப்புற முனைகள் 2 மி.மீ. அளவே நீட்டிக்கொண்டிருக்கும். மீதம் 4 மி.மீ. காற்று. போதுமா என்று கேட்டால், கணக்குப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டரை மின்பொறி தாண்டச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். நம்மிடம் இருப்பது 12 வோல்ட். ஆகவே கண்ணுக்குத் தெரியாத இந்தக் காற்றடுக்கே சிறந்த காப்புப் பொருள். அதைக் கெடுக்காமல் இருப்பதே நம் வேலை.

கெடுப்பது எது? பெரும்பாலும் ஒரு திருகுதான். பூட்டும்போது கைதவறி விழுந்த திருகு பலகைக்கும் தகட்டுக்கும் இடையே படுத்துக்கொள்ளும். 3 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. நீளமும் உள்ள எஃகுத் திருகின் தடை என்ன? எஃகின் தன்மின்தடை ஏறத்தாழ 1.5 × 10⁻⁷ ஓம் மீட்டர். நீளத்தால் பெருக்கிக் குறுக்குப் பரப்பால் வகுத்தால், தடை ஓர் ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் என்று வரும். 12 வோல்ட்டை இதனால் வகுத்தால் 90,000 ஆம்பியருக்கும் மேல்! உண்மையில் அவ்வளவு பாயாது. தொடும் முனைகளிலும் கம்பிகளிலும் செப்புத் தடங்களிலும் உள்ள தடை குறுக்கே நிற்கும். மொத்தத் தடை 0.05 ஓம் என்று கொண்டாலும் 240 ஆம்பியர் கேட்கப்படும். 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று 12 வோல்ட்டில் தரக்கூடியது 35 ஆம்பியர் அளவே. அது உடனே தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். எஸ்.எம்.பி.எஸ். வடிவமைப்புக்கான விதிகளில், வெளியீட்டுத் தடை 0.1 ஓமுக்குக் கீழே போனால் அதைக் குறுக்குச் சுற்று எனக் கருதி மின்வழங்கியை நிறுத்தவேண்டும் என்று எண்ணிட்டே சொல்லப்பட்டுள்ளது.

இங்கேதான் நீங்கள் கூர்ந்து கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. முழுமையான குறுக்குச் சுற்று பலசமயம் தீங்கின்றி முடிந்துவிடும். விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுபோகும், அவ்வளவுதான். அரைகுறையான குறுக்குச் சுற்றே கொடியது. திருகு சரியாகத் தொடாமல், தொடுமிடத்தில் அரை ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். மின்னோட்டம் 24 ஆம்பியர். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பார்வையில் இது ஒரு நியாயமான சுமை, அது நிற்காது. ஆனால் அந்தத் தொடுமுனையில் வெளிப்படும் வெப்பத் திறன் என்ன? மின்னழுத்தத்தின் இருமடியைத் தடையால் வகுத்தால் 288 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியின் திறனில் மூன்றில் ஒரு பங்கைத் தீக்குச்சித் தலையளவு இடத்தில் குவித்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். பலகையின் செப்புத் தடம் பெரும்பாலும் 35 மைக்ரோமீட்டர் தடிமனே உள்ளது. அரை மில்லிமீட்டர் அகலமுள்ள தடம் ஓரிரு ஆம்பியரைத் தாங்குவதற்கானது. அது பியூஸ் கம்பியைப்போல எரிந்துபோகும்.

இதைவிடச் சிறிய விபத்தும் உண்டு. 12 வோல்ட் முனை, ஒரு வோல்ட்டில் இயங்கும் நுண்சில்லின் சைகை முனை ஒன்றைத் தொட்டுவிட்டால், பாயும் மின்னோட்டம் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கணக்கில் ஒன்றுமேயில்லை. ஆனால் அந்தச் சில்லு பிழைக்காது. புகையும் வராது, ஓசையும் வராது. பாதுகாப்பு உள்ள மின்வழங்கியாயிற்றே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

விழுந்த திருகு ஒரு வகை என்றால், கேபினட்டின் அமைப்பாலேயே வரும் குறுக்குச் சுற்று இன்னொரு வகை. மதர்போர்டுகளின் அளவுகளும் துளைகளின் இடங்களும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை. 1995இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறை இன்றும் அடிப்படையாக உள்ளது. முழு அளவுப் பலகை 305 மி.மீ. உயரமும் 244 மி.மீ. அகலமும் கொண்டது; பொதுவாக 9 துளைகள். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை இரு பக்கமும் 244 மி.மீ. மினி ஐ.டி.எக்ஸ். 170 மி.மீ. சதுரம், நான்கே துளைகள். பெரிய கேபினட்டில் சிறிய பலகையைப் பொருத்தலாம். ஆனால் பெரிய பலகைக்கென வைத்த தாங்கிகளில் சில, சிறிய பலகையின் துளையில்லாத இடத்துக்கு நேரே நிற்கும். அங்கே பற்றுமுனை ஒன்று இருந்தால் தொலைந்தது. முனை இல்லாவிட்டாலும், பலகையின் மேலுள்ள மெல்லிய பச்சைப் பூச்சு மட்டுமே செப்பையும் பித்தளையையும் பிரித்துநிற்கும். விசிறியின் அதிர்வும், சூடேறி ஆறும்போது பலகை விரிந்து சுருங்குவதும் நாளடைவில் பூச்சைத் தேய்த்துவிடும். ஆறு மாதம் நன்றாக ஓடிய கணிப்பொறி ஒருநாள் காரணமின்றி நின்றுவிட்டது என்று சொல்லப்படும் கதைகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுவே.

ஆதலால் கேபினட் வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது வண்ண விளக்குகளையோ கண்ணாடிக் கதவையோ அல்ல. பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லி உள்ளே பாருங்கள். தாங்கிகள் கழற்றி மாற்றக்கூடிய பித்தளையால் ஆனவையா, அல்லது தகட்டிலேயே மேடாக அழுத்தி எழுப்பப்பட்டவையா? மேடுகளை இடம் மாற்ற முடியாது. அவை உங்கள் பலகையின் துளைகளோடு முற்றும் பொருந்தினால் நல்லது. ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தப் பெட்டி உங்களுக்கு ஆகாது. பிறகு பலகை அமரும் தகட்டை விரலால் அழுத்துங்கள். மெல்லிய தகடானால் வளைந்துகொடுக்கும். நினைவகத் தகட்டையோ தடித்த மின்கம்பிச் செருகியையோ அழுத்திச் செருகும்போது பலகையும் தகடும் ஒன்றையொன்று நோக்கி வளையும்; நாம் நம்பியிருந்த 4 மி.மீ. இடைவெளி அப்போது குறையும். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் வரிசையாக அடுக்கிவைத்திருக்கும் கேபினட்டுகளை வெளிப்புறம் பார்த்து வேறுபடுத்துவது கடினம். கையில் தூக்கிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

பூச்சைப் பற்றியும் ஒரு சொல். கேபினட்டின் உட்புறம் கறுப்பு வண்ணம் பூசியிருப்பதால் அது மின்காப்பாக உதவும் என்று நினைக்கவேண்டாம். ஒரு திருகுமுனை கீறினால் இரும்பு வெளிப்பட்டுவிடும். அலுமினியக் கேபினட்டுகளில் மின்பகுப்பு முறையில் ஆக்சைடுப் படலம் ஏற்றியிருப்பார்கள். அலுமினிய ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. இதனால் பார்வைக்கு உலோகமாக இருந்தும், ஒரு தகடு மற்றொன்றோடு மின்தொடர்பின்றி இருக்கக்கூடும். இணைப்பு இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமலும், இருக்கக்கூடாத இடத்தில் கீறலால் ஏற்பட்டும் இது தொல்லை தரும்.

இனி மரப்பெட்டிக்கு வருவோம். அது நடக்காத காரியமன்று. 1976இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆப்பிள்-1 கணிப்பொறி வெறும் பலகையாகவே விற்கப்பட்டது. விலை 666.66 டாலர், பெட்டியும் விசைப்பலகையும் வாங்குபவர் பாடு. வாங்கியவர்களில் சிலர் மரத்தால் பெட்டி செய்துகொண்டனர். பலகை அடியில் குறுக்குச் சுற்று என்ற கவலை மரப்பெட்டியில் இல்லைதான். ஆனால் வேறு கவலைகள் வந்துசேரும். கணிப்பொறியின் சில்லுகளில் மின்னோட்டம் நொடிக்குப் பல கோடி முறை மாறுகிறது. மாறும் மின்னோட்டம் ஒவ்வொன்றும் ஒரு சிறு வானொலி நிலையம். இரும்புப் பெட்டி அந்த அலைகளைப் பெருமளவு உள்ளேயே அடக்குகிறது. மரம் அவற்றைத் தடுப்பதில்லை. வீட்டில் பழைய மீடியம் வேவ் வானொலி இருந்தால், நிலையம் ஏதுமில்லாத இடத்தில் வைத்து, இயங்கும் கணிப்பொறியின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கரகரப்பும் சீழ்க்கையும் கேட்கும். கணிப்பொறி செய்யும் வேலைக்கேற்ப ஒலி மாறுவதையும் உணரலாம். 1975இல் ஆல்டேர் என்னும் கணிப்பொறியின் அருகே வானொலியை வைத்து, நிரலின் மூலம் இதே இரைச்சலைப் பாட்டாக ஒலிக்கச் செய்து காட்டினார் ஸ்டீவ் டாம்ப்பியர் என்ற அமெரிக்க இளைஞர்! தொல்லையே வித்தையாயிற்று. ஆனால் பக்கத்து வீட்டு வானொலிக்கு அது தொல்லைதான். 1979இல் அமெரிக்க அரசு கணிப்பொறிகளின் இத்தகைய கதிர்வீச்சுக்கு வரம்பு விதித்தது.

பிளாஸ்டிக்கில் இன்னொரு சிக்கல், நிலைமின்னூட்டம் வடிய வழியில்லாமல் தங்கிவிடும். அட்டைப் பெட்டியில் வைத்து ஓட்டுபவர்களும் உண்டு. சோதித்துப் பார்க்கச் சிலநிமிடம் அப்படி வைக்கலாம், நிரந்தரமாக அன்று. மேலே கண்ட 288 வாட் கணக்கை நினைவுகூர்ந்தால் காரணம் விளங்கும். பலகை வந்த வெள்ளிநிறப் பையின்மேல் வைத்து ஓட்டுவதும் தவறு. நிலைமின்னூட்டத்தை வடியவிடுவதற்கென்றே செய்யப்பட்ட பை அது; காப்புப் பொருள் அன்று.

இதுவரை பார்த்தது பலகைக்கு நேரும் கேடு. பலகை போனால் பணம்தான் போகும். இனிச் சொல்லப்போவது உயிர் பற்றியது.

கேபினட்டைத் தொட்டால் விரலில் ஒரு சுள்ளென்ற உணர்வு. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. பலர் இதை உள்ளே ஷார்ட் என்று எண்ணிப் பலகையைக் கழற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பலகையில் குற்றமிராது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில், இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் உள்ளன. ஒன்று மின்கம்பியிலிருந்து கூட்டுக்கும், மற்றது நியூட்ரலிலிருந்து கூட்டுக்கும். எர்த் இணைப்பு இல்லையென்றால், இவ்விரண்டின் நடுப்புள்ளியாகிய கேபினட், 230இல் பாதியாகிய 115 வோல்ட்டில் மிதக்கும். மின்தேக்கி ஒவ்வொன்றும் 2200 பிக்கோஃபாரட் என்றால், தொடுபவர் வழியே சுமார் 0.16 மில்லி ஆம்பியர் பாயும். அது கொல்லாது, ஆனால் அது ஓர் அறிவிப்பு. உங்கள் எர்த் வேலை செய்யவில்லை என்று பொருள். ஒரே நீட்டிப்புப் பலகையில் திரையும் அச்சுப்பொறியும் சேர்ந்திருந்தால், அவற்றின் கசிவும் கேபிள்கள் வழியே ஒன்றுகூடும்.

எர்த் இல்லாத நிலையில், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின்கம்பி ஒன்று கூட்டைத் தொட்டுவிட்டால் கேபினட் முழுவதும் 230 வோல்ட். எர்த் நன்றாக இருந்தால்? பாதையின் மொத்தத் தடை 5 ஓம் என்று கொண்டாலும் 46 ஆம்பியர் பாய்ந்து, பியூஸ் உருகும் அல்லது எம்.சி.பி. விழும். இங்கே குறுக்குச் சுற்றே நம்மைக் காக்கிறது! மரப்பெட்டியால் இந்த உதவியைச் செய்ய முடியாது, உள்ளிருக்கும் எஸ்.எம்.பி.எஸ். கூடும் பின்புற உலோகச் செருகிகளும் எப்படியும் நம் கைக்கு எட்டக்கூடியவைதாம். மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை நீளமாக இருப்பது, செருகும்போது முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியில் விலகவேண்டும் என்பதற்காக. அந்த முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனைச் சாக்கெட்டில் செருகுவோரைப் பார்த்திருப்பீர்கள். இன்னும் சிலர் சாக்கெட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகின்றனர். சுள்ளென்பது நின்றுவிடும். ஆனால் என்றாவது நியூட்ரல் கம்பி அறுந்தால், சுமைகளின் வழியே முழு மின்னழுத்தமும் அந்தத் துண்டுக் கம்பி மூலம் கேபினட்டுக்கு வந்து நிற்கும். கேபினட்டுக்குச் செலவிடுவதில் சிறிது மிச்சம்பிடித்தாவது எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் ஒருபோதும் திறக்கவேண்டாம். அதனுள் உள்ள பெரிய மின்தேக்கி 325 வோல்ட்டும் அதற்கு மேலும் தாங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் சிறிது நேரம் அதில் மின்னூட்டம் இருக்கும்.

பூட்டும்போது இன்னும் சில. பின்புறம் செருகிகள் வெளித்தெரியும் மெல்லிய தகட்டில் சிறு நாக்குகள் வளைந்திருக்கும். பலகையைத் தள்ளும்போது நாக்கு ஒன்று யூ.எஸ்.பி. செருகியின் துளைக்குள் நுழைந்துவிடாமல் பாருங்கள். பயன்படாத பின்புறத் திறப்புகளை மூடும் தகடுகளைத் தூக்கி எறியாதீர்கள். நம் ஊர் வீடுகளில் பல்லியும் கரப்பானும் வெதுவெதுப்பான இடம் தேடி அவ்வழியே நுழையும். ஈரமுள்ள உடல் நல்ல கடத்தி. பல்லியும் போகும், பலகையும் போகும். கேபினட்டை அணைத்தாலும் பிளக் செருகியிருக்கும்வரை பலகையில் 5 வோல்ட் இருந்துகொண்டேயிருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். உள்ளே கைவைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எல்லாம் பூட்டியபின், பிளக்கைச் செருகாமலே மல்ட்டிமீட்டரால் சோதிக்கலாம். ஒரு முனையைக் கேபினட்டின் வண்ணமில்லாத திருகில் வைத்து, மறுமுனையால் கறுப்புக் கம்பியைத் தொட்டால் ஒலி எழுப்பவேண்டும். பவர் கார்டைக் கேபினட்டில் செருகி, அதன் எர்த் முனையைத் தொட்டாலும் ஒலிக்கவேண்டும். மஞ்சள் கம்பியைத் தொட்டால் தொடர்ந்து ஒலிக்கக்கூடாது. தொடக்கத்தில் ஒரு கணம் ஒலித்து நின்றால் மின்தேக்கிகள் மின்னூட்டம் பெறுகின்றன என்று கொள்க. பிறகு இயக்குங்கள். விசிறி ஒருமுறை அசைந்து நின்றுவிட்டால் திரும்பத்திரும்ப ஸ்விட்சை அழுத்தாமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பலகையைக் கழற்றுங்கள். பலகையின் துளைகளையும் தகட்டிலுள்ள தாங்கிகளையும் ஒன்றுக்கொன்று எதிரே வைத்து எண்ணுங்கள். அநேகமாகத் தாங்கி ஒன்று அதிகமாக இருக்கும்.